கிராமப் பஸ்ஸும் சந்தை வேளையும்

விவசாய அபிவிருத்தி என்றவுடன் நல்ல விதை, போதிய எரு, காலத்தில் நீர், பூச்சி மருந்து ஆகியவற்றையே நாம் நினைக்கிறோம். இவை யாவும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், விளைந்த பொருள் வாங்குவோர் கூடும் வேளையில் அவர்கள் கூடும் இடத்தைச் சேராவிடில், வயலிலே கிடைத்த ஆதாயம் வழியிலே கரைந்து போகிறது. ஆதலின், கிராமப் பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது போக்குவரத்து இலாகாவின் காரியம் மட்டுமன்று; விவசாயக் காரியமும் ஆகும் என்பதே நமது அபிப்பிராயம்.

மதுரை மல்லிகையை உதாரணமாகக் கொள்வோம். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இம்மலர் திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய பகுதிகளில் பயிராகிறது. இதனை மொட்டாக இருக்கும்போதே, பொழுது புலரும் வேளையில் பறித்தல் வேண்டும். வெயில் ஏற ஏற மொட்டின் முறுக்கு நெகிழ்ந்து விலை இறங்கிவிடும். கீரையின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. பறித்த கணமுதல் அது தன்னிடமுள்ள நீரை இழந்துகொண்டே இருக்கிறது. வதங்கிய கட்டை வாங்குவார் இல்லை. இப்பொருள்களுக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்பது பண நஷ்டமேயாகும்.

பல ஏக்கர் பயிரிடுவோர் வாடகை வண்டி அமர்த்திக் கொள்வர். அரை ஏக்கர் குடியானவரிடம் அன்றாடம் சேருவது ஒரு கூடை அல்லது ஒரு மூட்டைதான். அதற்கெனத் தனி வண்டி அமர்த்தினால் வாடகையே விலையை விழுங்கிவிடும். எனவே அவர் ஊரிலுள்ள தரகரிடம் பொருளை ஒப்படைத்து, அவர் சொல்லும் தொகையைப் பெற்றுக் கொள்கிறார். தரகரைக் குறை கூறுவதற்கில்லை. வைகறையில் எழுந்து, பல வீட்டுச் சரக்கை ஒன்று சேர்த்து, வண்டியேற்றிக் கொண்டுபோகிறவர் அவரே. ஆனால் விற்பவருக்கு வேறு வழி இல்லாதவிடத்து விலை பேசும் வலிமையும் இல்லை. தக்க நேரத்தில் ஒரு பஸ் இருக்குமாயின், அதில் ஒரு நாளும் ஏறாத குடியானவருக்குங்கூட அது பேரம் பேசத் துணையாகும்.

நம் நாட்டில் இதன்பொருட்டு ஒன்றுமே செய்யப்படவில்லை என்று கூற மாட்டோம். மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய காலத்தில், அவை வரும் நேரத்தைக் கொண்டு ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டார்கள் என்பது அப்பக்கத்தில் இன்றும் வழங்கும் பேச்சு. 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியபின் உட்கிராமங்கள் பலவற்றிற்கும் பஸ் சென்றது. 1997-இல் மினிபஸ் திட்டம் வந்தது. 1999-இல் முதல் உழவர் சந்தை மதுரையில் திறக்கப்பட்டது. அச்சந்தைகளுக்கு வரும் குடியானவர்களின் சுமைக்கு அரசாங்கப் பஸ்களில் கட்டண விலக்கும் அளிக்கப்பட்டது. 2021-இல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் தொடங்கியது. இவை ஒவ்வொன்றும் பாராட்டத்தக்கதே. எனினும், ஆறு மணிக்குச் சேர வேண்டிய கூடைக்கு ஏழரை மணிக்கு வரும் பஸ்ஸில் கட்டணம் இல்லாதிருந்து என்ன பயன்?

குறை எங்கே இருக்கிறதெனில், பஸ் பாதையை வகுப்போர் தலைகளை எண்ணுகின்றனர்; கூடைகளை எண்ணுவதில்லை. ஒரு நடையின் பயனைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு வருமானம் என்ற அளவுகோலால் அளக்கின்றனர். பள்ளிக்கூடம், கச்சேரி ஆகியவற்றின் நேரத்தை ஒட்டி ஓடும் பஸ் இந்த அளவுகோலில் தேறும். சந்தை வேளைக்கு ஓடும் பஸ் தேறுவது அரிது. மினிபஸ்ஸுக்கோ வேறொரு தடை இருந்தது. 1997-ஆம் வருஷத்துத் திட்டத்தில், வேறு பஸ் ஓடாத பாதையில் 16 கிலோமீட்டரும், ஓடும் பாதையில் 4 கிலோமீட்டருமே அனுமதிக்கப்பட்டன. அதனால் பல வண்டிகள் சந்தைக்கு முன்னரே நின்றுவிட்டன. கூடையை இறக்கி மற்றொரு பஸ்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று. 2025-இல் தொடங்கிய புதிய திட்டம் பாதையின் நீளத்தை 25 கிலோமீட்டர் வரை உயர்த்தியது நல்ல மாறுதலே.

இனிச் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பஸ் நேரத்தைச் சந்தையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். விற்பனை தொடங்கும் நேரம், வழிப் பிரயாண நேரம், பறிப்பு முடியும் நேரம் ஆகிய மூன்றையும் வைத்து முதல் நடையை நிர்ணயிக்க வேண்டும். இரண்டாவது, மினிபஸ் வந்து சேர்ந்த சற்று நேரத்திற்குள் பெரிய பஸ் புறப்படுமாறு இரண்டின் அட்டவணைகளையும் இணைக்க வேண்டும். மூன்றாவது, அதிகாலை நடைகளில் பின்பக்கத்தில் சுமைக்கென இடம் ஒதுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே, பெர்மிட் வழங்கும்போது நேர அட்டவணையையும், பிரயாணி இலவசமாகக் கொண்டுபோகத்தக்க சுமையின் எடையையும் பற்றி நிபந்தனை விதிக்க இடமளிக்கிறது.

அதிகாலைப் பஸ் காலியாக ஓடி நஷ்டம் தரும் எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். எல்லா ஊர்களுக்கும் எல்லா நாட்களிலும் ஓட்டும்படி நாம் கேட்கவில்லை. பூவும் கீரையும் காய்கறியும் மிகுதியாக விளையும் ஊர்களுக்கு, பறிப்புக் காலத்தில் மட்டும் ஓட்டினால் போதும். அப்போதும் சிறிது நஷ்டம் நேரலாம். ஆனால் வாய்க்காலைத் தூர் வாரும் செலவை அந்த வாய்க்காலின் வருமானத்தைக் கொண்டு யாரும் அளப்பதில்லை. அது பாயும் வயல்களின் விளைவைக் கொண்டே அளக்கிறோம். பஸ்ஸையும் அவ்விதமே அளத்தல் நியாயம்.

எந்த ஊரில் எந்தப் பயிர், எந்த மாதத்தில், எத்தனை மணிக்குப் பறிபடுகிறது என்ற விவரம் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிய வழியில்லை. அது விவசாய இலாகா ஊழியர்களுக்கும் குடியானவர்களுக்குமே தெரியும். ஆகவே ஒவ்வொரு கிராமத்தாரும் இவ்விவரத்தை ஒரு தாளில் எழுதி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, ஜில்லாக் கலெக்டர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறை தீர்க்கும் கூட்டத்தில் சமர்ப்பிப்பார்களாக. “எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்” என்ற விண்ணப்பத்தைவிட, “இந்த நான்கு மாதங்களில், காலை ஐந்து மணிக்கு, முப்பது கூடைகளுக்கு இடமுள்ள பஸ் வேண்டும்” என்ற விண்ணப்பத்தைத் தட்டிக் கழிப்பது எந்த அதிகாரிக்கும் கடினம்.