டின்னுக்குள்ளே 400 வாட்ஸ்!

ராயபுரத்தில் மொட்டைமாடி அறையில் ஹாம் ரேடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மேஜைக்கு அடியில் மூடி போட்ட ஒரு டின். "சமையல் எண்ணெயா அண்ணா?" என்றேன். "டம்மி லோடு. தொட்டுடாதே, சூடா இருக்கு" என்றார்.

2004 சுனாமி சமயத்தில், அந்தமானில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு போர்ட் பிளேரிலிருந்து தகவல் அனுப்பியது ஞாபகம் இருக்கலாம். அப்படி அவசரத்துக்குக் கைகொடுக்க வேண்டிய கருவியை அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். ஆன்டெனாவில் சோதித்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. எதையுமே மாட்டாமல் ஆன் செய்தால், வெளியே போக வழியில்லாத பவர் திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே காலி செய்துவிடும். அதனால் ஆன்டெனா இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டர். வருகிற பவரை எல்லாம் அது சூடாக்கித் தீர்த்துவிடும்.

காற்றில் வைத்தால் சின்ன ரெசிஸ்டர் சில நொடிகளில் கருகும். எண்ணெயில் முக்கினால், சூடான எண்ணெய் மேலே எழும்பி, டின் சுவரில் ஆறி, மறுபடி கீழே இறங்கும். அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் இதையே 'கேன்டெனா' என்ற பெயரில் விற்றது.

ஜெனரல் கிரேடு லைசென்ஸுக்கு இங்கே அனுமதி 400 வாட்ஸ் வரை. 4 லிட்டர் எண்ணெயில் அதை இறக்கினால் நிமிடத்துக்குச் சுமார் மூன்றரை டிகிரி ஏறும். நம்மூர் வெயிலில் 35-ல் ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் 70! டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ள 140 டிகிரி பக்கம் போக வேண்டும்தான். ஆனால் ரெசிஸ்டரை ஒட்டிய இடம் அதைவிட முன்னாலேயே கொதிக்கும். ஆகவே சில நிமிடம் ஓட்டி, ஆறவிட வேண்டும். எண்ணெய் விரியும் என்பதால் மேலே இடம் விட்டு, மூடியில் சின்னத் துளை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கடலை எண்ணெயும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும்.

எனக்குத் திக்கென்றது அடுத்த விஷயம்தான். மூலையில் இன்னொரு கேன். காயலான் கடையில் மலிவாகக் கிடைத்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயாம். பழைய எண்ணெயில் பிசிபி கலந்திருக்கலாம். சர்க்யூட் போர்டு இல்லை, பாலிகுளோரினேட்டட் பைபினைல்! புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, லேபில்தான் தெரியும். இதன் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் 2016-ல் மத்திய அரசு தடை போட்டது. இது உள்ள பழைய கருவிகளைப் பயன்படுத்துவதற்குக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31.

"சாக்கடையில கொட்டிடலாமா?" என்று நானே அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். அண்ணன் முறைத்தார். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் வாளியும் கையுமாக அள்ளியதைப் பார்த்தவர் அவர்.

கேனை இன்னும் திறக்கவில்லை. "எங்கே ஒப்படைக்கணும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேட்கப் போறேன்" என்றார். டின்னில் இருப்பது சீல் பிரித்து ஊற்றிய புது எண்ணெயாம்.