பிடித்தவர் பெயரும் எழுதப்படட்டும்



பிப்பன் இல்லாவிட்டால் ஜோர்டானுக்கு ஆறு வெற்றிக் கிண்ணங்கள் கிட்டியிருக்குமா? புக்கிட் மேராவில் கூடைப்பந்து ஆடும் என் மாணவர்கள் இவ்வாறு வாதிடுவதுண்டு. துணை இருந்தால் பெருமை குறைந்துவிடும் என்ற எண்ணம் இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள். அவற்றுள் 77, மகேல ஜயவர்தன பிடித்த பந்துகளால் வந்தவை. 2010 ஜூலை 22, காலி மைதானம். முரளியின் இறுதி டெஸ்ட். அவருக்குத் தேவை ஒரு விக்கெட். இந்திய அணியில் எஞ்சியிருந்ததும் ஒன்றே. வேறொருவர் அதை வீழ்த்தியிருந்தால் கணக்கு 799இல் நின்றிருக்கும்! ஓஜாவின் மட்டையில் பட்டுப் பறந்த பந்தை ஸ்லிப்பில் பிடித்தவர் மகேல.

பந்தைச் சுழற்றிய மணிக்கட்டு முரளியுடையதே. ஆயினும் பந்து கைநழுவியிருந்தால் அத்திறமை ஏட்டில் ஏறியிராது. கிரிக்கெட் இதில் நேர்மையானது: பிடித்தவர் பெயரும் வீசியவர் பெயரும் ஆட்டப் பட்டியலில் சேர்ந்தே இடம்பெறும்.

நம் பள்ளி நாடகப் போட்டிகளில்? ‘சிறந்த நடிகர்’ சான்றிதழ் ஒருவருக்கே. அவன் வசனத்தை மறந்த நொடியில் மெல்ல அடியெடுத்துக் கொடுத்துக் காட்சியைக் காத்த சிறுமி வெறுங்கையோடு வீடு திரும்புகிறாள். “உனக்கு என்ன பரிசு?” என்று பெற்றோர் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அச்சான்றிதழில் அவள் பெயரும் இருக்க வேண்டும் என்பேன். நடுவர்கள் தயங்கினால், மறுநாள் வகுப்பறை வெண்பலகையில் நாமாவது இருவர் பெயரையும் எழுதலாமே.