தீவுக்குப் போகிறவர் கவனத்துக்கு

1942, ஜனவரி 29. உலக யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். பி.பி.சி. ரேடியோவில் ராய் ப்ளோம்லி என்ற ஆசாமி ஒரு விளையாட்டை ஆரம்பித்தார். நீங்கள் ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறீர்கள். கூட எட்டு இசைத்தட்டுகள் மட்டும் இருக்கலாம். எந்த எட்டு? நிகழ்ச்சிக்குப் பெயர் 'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. முதன்முதலில் தீவுக்குப் போனவர் விக் ஆலிவர் என்ற காமெடி நடிகர். அப்போதைய பிரதமர் சர்ச்சிலின் மாப்பிள்ளை. மாமனார் ஹிட்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை பாட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

ப்ளோம்லி 1985-ல் இறக்கும்வரை இதையே நடத்தினார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை, இன்னமும் நடக்கிறது. எட்டுத் தட்டு தவிர ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள் கொண்டுபோகலாம். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவிலேயே ஃப்ரீ. ஆடம்பரப் பொருளுக்கு உயிர் இருக்கக் கூடாது, தப்பித்து வரவும் உதவக் கூடாது. ஆகவே மனைவி, படகு இரண்டும் கிடையாது.

1958-ல் எலிஸபெத் ஷ்வார்ஸ்காஃப் என்ற பாடகி வந்தார். எட்டில் ஏழு, தான் பாடிய தட்டுகளையே கேட்டார். எனக்கென்னவோ அந்த அம்மாள்தான் மனதில் பட்டதைச் சொன்னார் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் லிஸ்ட் எப்படித் தயாராகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நண்பன் ஒருவனின் ஆபீஸ் கேன்டீன். தயிர்சாத நேரம். கேள்வியைத் தூக்கிப் போட்டேன்.

"பீத்தோவன்" என்றார் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்காரர், கொஞ்சமும் யோசிக்காமல். அதே நிமிஷம் அவர் மொபைல் அடித்தது. ரிங்டோன் பீத்தோவன் இல்லை. நல்ல குத்துப்பாட்டு.

"எட்டும் ராஜா ஸார்தான்" என்றார் இன்னொருவர்.

"அப்ப ரஹ்மான்?"

"அவரை நீ உன் தீவுக்குக் கூட்டிட்டுப் போடா!"

லஞ்ச் முடிகிறவரை சண்டை. லிஸ்ட் மட்டும் தேறவில்லை.

விஷயம் இதுதான். நாலு பேர் காதில் விழச் சொல்கிற லிஸ்ட் வேறு. தீவில் அந்த நாலு பேர் கிடையாது. 'என்ன டேஸ்ட் ஸார் உங்களுக்கு!' என்று சொல்ல அங்கே நண்டுதான் இருக்கும்.

* * *

பி.காம். படித்ததில் எனக்கு இன்றுவரை ஞாபகம் இருப்பது ஒரே ஒரு விதி. 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'. பயப்படாதீர்கள். முதல் பஜ்ஜி அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, ஐந்தாவது பஜ்ஜி யாராவது தின்றால் தேவலை. அவ்வளவுதான் விதி.

பாட்டுக்கும் இதே கணக்குதான். தீவில் கேட்க வேண்டிய கேள்வி 'எது ரொம்பப் பிடிக்கும்' என்பதல்ல; 'எது நூறாவது தடவையும் தாங்கும்' என்பது. இந்த வருஷ சூப்பர்ஹிட், பத்து நாளில் ஐந்தாவது பஜ்ஜி ஆகிவிடும்.

கேசட் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சை பழக்கம். ஒரு பாட்டுக்காக கேசட் வாங்குவோம். மற்ற நாலும் கூடவே வரும். போதாக்குறைக்கு மறுபக்கத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு படம். ஓட்டித் தள்ளினால் பேட்டரி போகும், இல்லாவிட்டால் டேப் சிக்கும். அப்புறம் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அதற்கு பயந்தே வரிசையாகக் கேட்டோம். பிடிக்காத நாலாவது பாட்டு மூன்றாம் மாதம் பிடித்துப்போகும். எதற்காக வாங்கினோமோ, அது அலுத்திருக்கும். இப்போது போனில் கோடிப் பாட்டு. இருபது செகண்ட், அடுத்தது. நாலாவது பாட்டுக்கு சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

* * *

எனக்கு எட்டு வேண்டாம். நாலு ஆல்பம் போதும்.

ஒன்று, எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம். 1963-ல் வந்த எல்.பி. பக்தி ஒருபக்கம் இருக்கட்டும். தீவில் கடிகாரம் கிடையாது. விடிந்துவிட்டது, எழுந்து பல் தேய்க்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டுமே? கோடிக்கணக்கான தூங்குமூஞ்சிகளிடம் இத்தனை வருஷமாகப் பொறுமை இழக்காத குரல்.

இரண்டு, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. பாட்டு வரிகளே கிடையாது. எந்தப் பாட்டிலும் முதலில் அலுப்பது வார்த்தைதான். ஐம்பதாவது தடவை கேட்கும்போது கவிஞர் சொல்ல வந்தது நமக்கு முழுசாகப் புரிந்துவிட்டிருக்கும். வி.எஸ். நரசிம்மனின் வயலின் என்ன சொல்ல வருகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தீவில் நிறைய நேரம் இருக்கும்.

மூன்று, 'ரோஜா', 1992. ஹெட்போனில் ஒவ்வொரு தடவையும், முன்பு கேட்காத ஏதோ ஒரு சின்னச் சத்தம் மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும். ரஹ்மானுக்கு அப்போது வயது 25. முதல் படத்துக்கே தேசிய விருது. அந்த வயதில் நான் டேலியில் எண்ட்ரி போட்டுக்கொண்டிருந்தேன். மனிதனுக்குத் தன்னடக்கம் தேவை. ஆளில்லாத தீவில் அதைச் சொல்லித்தர வேறு யார்?

நாலாவது, 'திருவிளையாடல்'. பாட்டு இல்லை, கதை-வசன கேசட்.

சிரிக்காதீர்கள். தீவில் ஒருவனுக்கு எது பஞ்சம்? பேச்சு. 1965-ல் வந்த ஏ.பி. நாகராஜன் படம். நக்கீரராகவும் அவரே நடித்தார். தருமியாக நாகேஷ். கோயிலில் யாருமே இல்லாமல் தன்னந்தனியாகப் புலம்புகிறாரே, தீவில் மாட்டிக்கொண்டவனுக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடையாது. அப்புறம் சிவாஜி வருவார். பேச்சுத் துணை ஆயிற்று.

எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் இது ஓடினால், அப்பா செய்கிற வேலையை நிறுத்திவிடுவார். தருமி பார்ட் அவருக்கு. சிவன் பார்ட் எனக்கு. ஒரு எழுத்துப் பிசகாமல் நாகேஷோடு சேர்ந்தே பேசுவார். மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சும் வாங்குவார். ஆபீஸிலிருந்து வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

இப்போது அப்பா இல்லை. அவர் குரலை யாரும் எதிலும் ரெக்கார்ட் செய்து வைக்கவில்லை என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த கேசட்டைப் போட்டால் நாகேஷ் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கேட்கிறது. நூறு தடவைக்கு மேல் கேட்டாயிற்று. பஜ்ஜி விதி இதில் மட்டும் வேலை செய்யவில்லை.

உங்கள் லிஸ்ட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். கேன்டீனில் சொல்ல மாட்டீர்கள். பரவாயில்லை. யாரும் கேட்காதபோது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள்.

ஆடம்பரப் பொருளா? ஒரு குழாய் ஸ்பீக்கர் போதும். தீவில் யாரும் போலீஸில் கம்ப்ளெயிண்ட் கொடுக்க மாட்டார்கள்.