பூட்டிய அறையில் ஒரு பட்ஜெட்

பிப்ரவரி முதல் தேதி நெருங்கினால் நம் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: வருமான வரியில் சலுகை உண்டா, இல்லையா? எச்.ஏ.எல். ஊழியரும் சரி, மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவரும் சரி, நிதியமைச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த உரைக்குப் பின்னால் மாதக்கணக்கில் உழைத்தவர்களை நினைப்பவர் குறைவு.

வேலை முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பும். இந்த ஆண்டு எவ்வளவு செலவாகும், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் கணக்குக் கொடுக்க வேண்டும். பிறகு பேரம். சம்பந்திகள் சீர் பேசுவது போலத்தான். கேட்டது முழுதாகக் கிடைப்பதில்லை.

கடைசிக் கட்டம்தான் விசித்திரம். பெரிய வாணலியில் அல்வா கிண்டி எல்லோருக்கும் வழங்குவார்கள். நம் ஊரில் அல்வா கொடுப்பதற்கு வேறு பொருள். டில்லியில் அது கதவு பூட்டப்படுவதற்கு அடையாளம். அதன்பின் அங்கே பணிபுரிவோர் பட்ஜெட் வாசிக்கப்படும் வரை வீட்டுக்குப் போக முடியாது. 1950-இல் விவரங்கள் கசிந்ததால் அச்சுவேலை ராஷ்டிரபதி பவனிலிருந்து மிண்டோ சாலைக்கு மாறியது. 1980-இல் நார்த் பிளாக்கின் நிலவறைக்கு வந்தது.

2020 ஜனவரியில் அந்த அச்சகத்தின் அதிகாரி ஒருவருடைய தந்தை காலமானார். அவர் வெளியே வராமல் பணியை முடித்தார். நிதி அமைச்சகமே அதைப் பாராட்டிச் செய்தி வெளியிட்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாத அளவுக்கு அங்கே என்ன ரகசியம் மிச்சமிருக்கிறது?

எந்தப் பொருளுக்கு வரி ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வியாபாரி பதுக்குவான். கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்த காலத்துக்கு அந்தக் கட்டுக்காவல் நியாயம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் பெரும்பாலான பொருள்களின் வரியைத் தீர்மானிப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். பட்ஜெட்டுக்கு மிஞ்சியவை முக்கியமாக வருமான வரியும் சுங்க வரியும். 2021-இல் வழக்கமான அச்சடிப்பையே விட்டுவிட்டார்கள்.

வரியை மறைக்கட்டும், செலவை ஏன் மறைக்க வேண்டும்? பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2020-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 15,767 கோடி ரூபாய். ஆனால் ஆண்டுதோறும் அதற்கு மத்திய அரசு ஒதுக்குவது எவ்வளவு என்பது பட்ஜெட் வந்த பிறகே நமக்குத் தெரிகிறது. அப்போது கேள்வி கேட்டு என்ன பயன்?

இதே ஊரில் 2002-இல் 'ஜனாக்ரஹா' உள்ளிட்ட சில அமைப்புகள் சேர்ந்து, மாநகராட்சியின் வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் முன் வைத்து விவாதித்தன. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

செலவு மதிப்பீடுகளின் வரைவை டிசம்பரிலேயே வெளியிட்டு, நாடாளுமன்றக் குழுக்களிடம் கொடுக்கலாம். வரி பற்றிய சில பக்கங்களை மட்டும் பூட்டி வைத்தால், அதற்கு நாலைந்து பேர், இரண்டு நாள் போதும்.