கேம்பிலிருந்து வருபவரும் வாசகம் படிக்கட்டும்

ஞாயிறு திருப்பலியில் நற்செய்தியைக் குருவோ திருத்தொண்டரோ வாசிப்பார். அதற்கு முன்பு வரும் இரண்டு வாசகங்களும் பொதுநிலையினர் படிப்பவை. ஊரில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவியோ படித்துவிட்டு இறங்குவார், அவ்வளவுதான். வளைகுடாவில் நிலைமை வேறு. இங்கே நான் பார்த்த தமிழ்த் திருப்பலிகளுக்கு வருகிறவர்களில் கட்டட வேலைக்காரர்கள், ஓட்டுநர்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், கடைச் சிப்பந்திகள்தான் அதிகம். வாசக மேடை ஏறுகிறவர்களோ பெரும்பாலும் என்னைப் போல ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ வேலை பார்ப்பவர்கள். இது மாற வேண்டும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. நர்ஸ் வேலைக்கு அமீரகம் வந்தேன். பங்கில் வாசகம் படிக்கத் தொடங்கி, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் யாரையும் வேண்டுமென்றே ஒதுக்குவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியை வார நாளில் இரவு எட்டு மணிக்கு வைக்கிறோம். கார் வைத்திருப்பவருக்கு அது சௌகரியம். துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருப்பவர் விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகு திரும்பி, குளிக்கவும் சமைக்கவும் வரிசையில் நிற்கிறார். எட்டு மணிக்கு அவர் எப்படி வருவார்? வராதவர் பெயர் பட்டியலில் ஏறாது. வந்தவர்களின் பெயரே மாதா மாதம் சுற்றி வரும்.

இப்படியே போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2024 செப்டம்பர் 29 ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். 1969இல் வந்த ஏற்பாடு இது. அன்று இரண்டாம் வாசகம் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரல் இடுகிறது என்று செல்வர்களை நோக்கிச் சொல்லும் பகுதி. சிவகங்கைப் பக்கத்து ஸ்டீல் ஃபிக்ஸர் ஒருவரைப் படிக்கச் சொல்லியிருந்தேன். கம்பி கட்டுகிற வேலை. அமீரகத்தில் 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகப் போவதை அரசே கண்காணிக்கிறது. ஆனால் இங்கே வருவதற்கு முன்பு வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோய், வீட்டில் நகையை அடகு வைத்துச் சமாளித்தவர் அவர்.

அவருக்குப் பயிற்சி நடந்தது வாட்ஸ்அப்பில். இங்கே வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேச முடியாது, ஆனால் குரல்பதிவு போகும். செவ்வாய்க்கிழமையே வாசகத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். இரவில் கட்டிலில் படுத்தபடியே படித்து அனுப்பினார். ஏசி இரைச்சலும் பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சும் சேர்ந்து வந்தன. முதல் பதிவில் மூச்சுவிடாமல் ஓடினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் படித்து அனுப்பினேன். சனிக்கிழமை வந்த பதிவில் திருத்த எதுவும் இல்லை.

மறுநாள் மேடையில் அவர் கோபமாகப் படிக்கவில்லை, உருக்கமாகவும் இழுக்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டு, ஒரே சீராகப் படித்தார். கம்பி பட்டுக் காய்த்த விரல். கூலி பற்றிய இடம் வந்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அதே பகுதியை மூன்று வருடம் முன்பு நான் படித்திருக்கிறேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்று பாராட்டினார்கள். அன்று யாரும் நிமிரவில்லை.

உச்சரிப்பைச் சொல்லித்தான் பலரும் தயங்குகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவரை மேடையேற்றினால் இறைவார்த்தைக்கு மரியாதை இருக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். தட்டுத்தடுமாறிப் படித்தால் கேட்பவருக்குப் பொருள் போய்ச் சேராது, அதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் தயாரிப்பு இல்லாமல் படிப்பதில் படித்தவர்களாகிய நாங்கள்தான் முன்னால் நிற்கிறோம். நேராக மேடைக்குப் போய்த்தான் புத்தகத்தையே திறக்கிறோம். நேர நெருக்கடியும் உண்டு. இங்கே ஆலயங்கள் குறைவு. துபாயில் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் தந்த நிலத்தில் புனித மரியன்னை ஆலயம் 1967இல் எழுந்தது, இன்று உலகிலேயே பெரிய பங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். ஒரே வளாகத்தில் மலையாளம், கொங்கணி, தகலோக், அரபு என்று அடுத்தடுத்துத் திருப்பலி நடக்கும்போது, வெளியே அடுத்த மொழிக்காரர்கள் காத்திருப்பார்கள். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகமெடுப்பது வாசகம்தான். அந்த வேகத்தில் எசாயாவும் பவுலும் அறிவிப்பு மாதிரி கடந்துபோகிறார்கள். உச்சரிப்பைப் பொறுத்தவரை, இலங்கை மன்னார்க்காரரின் தமிழும் குமரி மாவட்டத்து முட்டம்காரரின் தமிழும் வேறு வேறு ராகத்தில் வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பெந்தெகோஸ்து நாள் முதல் வாசகத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர் என்று நீளும் மக்கள் பட்டியல் அரேபியரோடுதான் முடிகிறது. அதை இந்த மண்ணில் நின்று படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு ஆண்டும் உடம்பு சிலிர்க்கும்.

பெண்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாசகர் பணியைப் பொதுநிலையினருக்குத் திறந்துவிட்டார், ஆனால் முறைப்படி அப்பணியில் நியமிக்கப்பட ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. நாங்கள் படித்துக்கொண்டுதான் இருந்தோம், நியமனம்தான் இல்லை. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தடையை நீக்கினார். உரோமையில் திறந்த கதவு, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இங்கே எப்படித் திறக்கும்? வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த ஒரு நாள் அவளுக்கு எந்தக் கிழமை கிடைக்கும் என்பது வீட்டைப் பொறுத்தது. ஞாயிறு வழிபாடு இங்கே ஒரே நாளில் மட்டும் நடப்பதில்லை. எந்த நாள் வருவாள் என்று அவளிடம் கேட்டுவிட்டுப் பட்டியல் போடலாமே.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. வாசகம் செவ்வாய்க்கிழமையே கைபேசிக்குப் போகட்டும். குரல்பதிவில் பயிற்சி நடக்கட்டும். திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்பு மைக்கில் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். கேம்ப் பஸ் சில வாரம் தாமதமாக வரும், அதற்கு மாற்றாள் ஒருவர் தயாராக இருக்கட்டும். அந்த மாற்றாள் வேலையை ஆபீஸ்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

யாக்கோபின் அந்த வாசகம் அடுத்து வருவது 2027 செப்டம்பர் 26. வளைகுடாவில் தமிழ்த் திருப்பலி நடக்கும் ஒவ்வொரு பங்கிலும் அன்று கூலி வேலை செய்யும் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க நமக்குப் போதிய அவகாசம் இருக்கிறது.