புகைக்குச் சான்றிதழ் உண்டு, பிரேக்குக்கு?

வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி முடிவதற்கு இரண்டு நாட்கள் இருக்கும்போதுதான் நம்மில் பலருக்கு வாகனத்தின் புகை ஞாபகத்துக்கு வருகிறது. காப்புறுதிப் பத்திரம் கையில் இருக்கும். பழைய அனுமதிப்பத்திரமும் இருக்கும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மட்டும் இருக்காது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, அவசர அவசரமாகப் பரிசோதனை நிலையத்துக்கு ஓடி, வரிசையில் நின்று, 'பெயில்' என்ற தாளுடன் திரும்பி வருபவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்த முகம் என்னுடையதாகவும் இருந்தது.

எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றும் பழைய டீசல் வேன் அது. புறக்கோட்டையில் துணி ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை கண்டி வீதியால் அக்குறணைப் பக்கம் போய்வரும். பரிசோதனையில் தோற்று வெளியே வந்ததும் வாசலில் நின்ற ஒருவர் அருகில் வந்தார். பக்கத்துக் கராஜில் அரை மணி நேரத்தில் 'சரி செய்து' தருவார்கள் என்றார். சரி செய்வது என்றால் என்னவென்று கேட்டேன். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசலின் அளவைக் குறைத்துவிடுவார்களாம், பரிசோதனை முடிந்ததும் பழையபடி கூட்டிவிடுவார்களாம். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், நானும் அதைத்தான் செய்தேன். மாலைக்குள் சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் பம்பையும் பழையபடி ஆக்கினோம். புகையும் பழையபடி வந்தது.

மூன்று மாதம் கழித்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் வேன் இழுக்க மறுத்தபோதுதான் நமக்குப் பழக்கமான பாஸிடம் கொண்டு போனோம். நோசில்கள் தேய்ந்திருந்தன. எயார் ஃபில்டர் தூசி அடைத்துக் கறுத்திருந்தது. அதோடு நிற்காமல் அவர் சில்லுகளையும் கழற்றிப் பார்த்தார். பின் சில்லு ஒன்றில் பிரேக் எண்ணெய் கசிந்து லைனர் நனைந்திருந்தது. மற்றதில் லைனர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. "நானா, இதைக் கொண்டா ஒவ்வொரு கிழமையும் கடுகண்ணாவை இறங்கினீங்க?" என்று கேட்டார். இறங்கியது நானல்ல, எங்கள் சாரதித் தம்பி. அவருக்கு இரண்டு பிள்ளைகள். வேனில் அப்போது எல்லாச் சான்றிதழ்களும் இருந்தன.

அன்றிலிருந்து என்னை விட்டுப் போகாத விடயம் இதுதான். எமது நாட்டில் ஒரு கார் உரிமையாளரிடம் அரசாங்கம் வருடா வருடம் புகையைப் பற்றிக் கேட்கிறது. பிரேக்கைப் பற்றிக் கேட்பதில்லை. லொறி, பஸ் போன்ற வாகனங்களுக்கு வாகனத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். தனியார் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு அப்படியொன்று கேட்கப்படுவதில்லை. புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் வாகனம் 'பாஸ்' ஆகிவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் பாஸ் ஆனது சைலன்சர் குழாயின் வாய் மட்டுமே.

புகைப் பரிசோதனை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஜூனில் நிறுத்தப்பட்டது. 2008இல் இரு வீச்சு எஞ்சின் கொண்ட முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே வருடம் நவம்பரில் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை ஆரம்பித்து, பின்னர் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. பரிசோதிக்கும் வேலை இரண்டு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் சென்று, முகத்தைத் துடைத்த கைக்குட்டையில் கரியைக் கண்டவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. வீதியோரத்தில் கடை வைத்திருக்கும் நாம்தான் அந்தப் புகையைக் காலை முதல் இரவு வரை சுவாசிக்கிறோம். வெள்ளைத் துணி ஒன்றை மூன்று நாள் வெளியே தொங்கவிட்டால் அது எந்த நிறத்துக்கு மாறும் என்பதைப் பிரதான வீதிகளிலுள்ள துணிக்கடைக்காரர் எவரிடமும் கேட்கலாம்.

பரிசோதனையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பெற்றோல் வாகனமாயின் சைலன்சர் குழாய்க்குள் கருவியொன்றைச் செலுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சற்று வேகமாக ஓடும்போதும் வெளிவரும் காபனோரொட்சைட்டையும் எரியாத எரிபொருளையும் அளக்கிறார்கள். டீசல் வாகனமாயின் அக்சிலரேட்டரைப் பலமுறை முழுமையாக மிதித்து, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். இப்படி மிதிப்பதால் எஞ்சின் பழுதாகிறது என்ற முறைப்பாடு பழைய டீசல் வாகனக்காரரிடம் எப்போதும் உண்டு. அதில் உண்மையே இல்லை என்றும் கூற முடியாது. மாற்ற வேண்டிய காலம் கடந்துபோன டைமிங் பெல்ட் அந்த வேகத்தில் அறுந்தால் எஞ்சினுக்குப் பெரும் செலவு வரும். ஆனால் அந்த பெல்ட் பரிசோதனை நிலையத்தில் அறுந்தது நமது அதிர்ஷ்டம் என்றே நான் கருதுவேன். சுமையுடன் மலை ஏறும்போது அறுந்திருந்தால்?

'பெயில்' என்று வரும் தாளைத் தண்டப் பத்திரம் போலப் பார்க்கிறோமே, அதுதான் வியாபாரியாக நாம் விடும் பெரிய பிழை. கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். அதாவது பணம் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு பகுதி குழாய் வழியே காற்றில் போகிறது. கடையில் மூட்டையிலிருந்து அரிசி ஒழுகினால் மூட்டையைத் தைப்போமா, அல்லது பார்க்க வருபவரின் கண்ணை மறைப்போமா? நீல நிறப் புகையென்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பெற்றோல் வாகனத்தில் எரியாத எரிபொருளின் அளவு கூடினால் பிளக்கையும் இக்னிஷனையும் பார்க்கவேண்டும். நல்ல பாஸ் ஒருவர் அந்தத் தாளிலுள்ள இலக்கங்களைப் பார்த்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். பரிசோதனைக்கென நாம் கட்டும் கட்டணம் உண்மையில் வைத்தியரிடம் கொடுக்கும் கட்டணம். மருந்து எடுக்காமல் துண்டை மட்டும் மாற்றி எழுதச் சொல்கிறோம்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் அதை டீசலோடு கலந்து ஓட்டியவர்களை நாம் அறிவோம். 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதும் அந்த இலாபக் கணக்கு முடிந்துபோனது. டீசலே பம்புக்கும் நோசிலுக்கும் மசகாக இருக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு. அன்று மிச்சம் பிடித்ததைப் பலர் பிற்பாடு பம்ப் திருத்தும் கடையில் கொட்டினார்கள். காரின் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றி விற்பதும் இதே வகையான கணக்குத்தான். அதற்குள் இருக்கும் பிளாட்டினம் போன்ற உலோகங்களுக்காக நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கிறது. விற்றவரின் காருக்குப் பின்னால் நடந்து போகிறவருக்குத்தான் நஷ்டம்.

இனி பிரேக்குக்கு வருவோம். நம்மில் பலர் ஓட்டுவது ஜப்பானில் பாவித்த வாகனங்களே. ஜப்பானில் புதிய காருக்கு மூன்று வருடத்திலும், பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் 'ஷக்கென்' எனும் பரிசோதனை கட்டாயமாகும். பிரேக், விளக்கு, சில்லுகளின் நேர்த்தி, புகை என்று யாவும் அதில் பார்க்கப்படும். அதற்கான செலவு அதிகம் என்பதால் அங்கே பலர் வாகனத்தை இடையில் விற்றுவிடுகின்றனர். அவற்றில் ஒரு பகுதியே கப்பலேறி எமது துறைமுகங்களுக்கு வருகிறது. யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டு வந்த கார், இங்கே பதிவு செய்யப்பட்ட பிறகு, அதன் ஆயுள் முடியும் வரை பிரேக்குக்கெனச் சட்டப்படி ஒரு பரிசோதனையையும் காண்பதில்லை. பிரித்தானியாவில் 1960இலேயே பத்து வருடப் பழைய வாகனங்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள். சில வருடங்களில் அதை மூன்று வருட வாகனங்களுக்கும் கொண்டுவந்தார்கள். அங்கும் ஆரம்பித்தது பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றில்தான்.

இந்தப் பேச்சு எமக்கு இப்போது ஏன் அவசரம் என்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களாக இருக்கும் வாகனத்தையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். உதிரிப்பாகங்களின் விலை ஏறியபோது அசல் பிரேக் பேட்டுக்குப் பதிலாக எது கிடைத்ததோ அதைப் போட்டோம். புதிய வாகனங்கள் வரத் தொடங்கிய பின்னரும் அவற்றின் விலை சிறு வியாபாரிக்கு எட்டும் நிலையில் இல்லை. ஆகவே பழைய வேனும் பட்டா லொறியும் இன்னும் பல வருடங்கள் எமக்காக உழைக்கத்தான் போகின்றன.

அரசாங்கம் செய்ய வேண்டியது பெரிய விடயமல்ல என்பது என் கருத்து. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கார், வேன்களுக்குப் புகைப் பரிசோதனை நடக்கும் அதே இடத்தில், அதே நாளில், பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் நான்கையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். "இன்னொரு சான்றிதழா? இன்னொரு வரிசையா? இன்னொரு கையை நனைக்க வேண்டுமா?" என்று முதலில் கேட்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். அந்தப் பயம் நியாயமானது. எனவே பரிசோதிப்பவர் ஒருபோதும் திருத்துபவராக இருக்கக்கூடாது. தவறியவருக்குத் திருத்தி வர நியாயமான தவணையும், மறுபரிசோதனையில் கட்டணச் சலுகையும் வேண்டும். முடிவுகள் கணினியில் நேராகப் பதிவாகி, எவரும் கையால் மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும். இவையில்லாமல் வந்தால் நானும் எதிர்ப்பேன். அது வாசலில் நிற்பவருக்கு இன்னொரு வருமான வழியாகவே முடியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. புகைப் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்னதாக, திகதி முடியும் கடைசி நாளிலல்ல, வாகனத்தைப் பாஸிடம் கொடுத்து நான்கு சில்லுகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழைய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் காலுக்குக் கீழே பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கொரு தடவை மாற்றினால் போதும், செலவும் சிறியது. டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும் அவை டயரின் மேற்பரப்போடு சமமாகும். அதன் பின் மழையில் அந்த டயரை நம்பக்கூடாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்களும் இருக்கும். 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பாவித்த டயரை மலிவாக வாங்கும் நண்பர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். வாகனத்தை ஓடத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனை மோட்டார் காப்புறுதி ஒப்பந்தங்களில் வழமையாக உண்டு என்பதையும் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

எங்கள் வேன் இன்னும் ஓடுகிறது. மறுவருடம் பம்பில் கைவைக்காமலே புகைப் பரிசோதனையில் தேறியது. பிரேக் பார்த்த திகதியையும் கிலோமீற்றரையும் எழுதிய ஒரு கொப்பி அதன் டேஷ்போர்ட்டில் கிடக்கிறது. அதை எழுதுவது நானல்ல, சாரதித் தம்பி. போன மாதம் முன் பேட் தேய்ந்துவிட்டது, மாற்றித் தராவிட்டால் சாமான் ஏற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றே மாற்றிக் கொடுத்தேன்.