தானே அமையும் சுவிட்ச் யார் பேச்சைக் கேட்கிறது?

புது நெட்வொர்க் சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து ரேக்கில் பூட்டி, கேபிளைச் செருகி, கரண்ட் கொடுத்தால் போதும். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். விற்க வருபவர் இப்படிச் சொல்கிறார், வாங்குபவரும் தலையாட்டுகிறார். ‘ஜீரோ டச்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கிளைக்குக் கிளை ஆள் அனுப்பி, கன்சோல் கேபிளும் லேப்டாப்புமாக உட்காரவைக்கும் செலவு மிச்சம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இனி யாரும் கைவைக்க வேண்டாம், ஆகவே பிழைக்கும் ஆபத்துக்கும் இடமில்லை என்பது வெறும் மூடநம்பிக்கை.

சேமித்த கன்ஃபிக் எதுவும் இல்லாத சுவிட்ச் உயிர்பெற்றதும், முகவரி தருவார் உண்டா என்று நெட்வொர்க்கில் கூவுகிறது. டிஹெச்சிபி சர்வர் ஐபி முகவரி தருகிறது. கூடவே 66, 67 எண்ணுள்ள ஆப்ஷன்களில் எந்த சர்வரில் எந்தக் கோப்பு என்றும் சொல்லிவிடுகிறது. சுவிட்ச் அதை இறக்கி அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பல இடங்களில் அந்தக் கோப்பு வருவது டிஎஃப்டிபி வழியாக. 1992-இல் இன்றைய வடிவம் பெற்ற அந்த நெறிமுறையில் பாஸ்வேர்டும் இல்லை, குறியாக்கமும் இல்லை. பதில் சொன்னது நிறுவனத்தின் சர்வரா, யாரோ சுவர் போர்ட்டில் செருகிய லேப்டாப்பா என்று சுவிட்சுக்குத் தெரியாது.

‘அது உள் நெட்வொர்க், வெளியாள் எப்படி வருவான்?’ என்பார்கள்.

சிஸ்கோவின் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ கதை அவர்களுக்காகவே நடந்ததுபோல இருக்கிறது. புது சுவிட்சுகளைத் தானாக அமைக்க வந்த வசதி அது. பல கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் யாரும் கேட்காமலே இயங்கிக்கொண்டிருந்தது. டிசிபி 4786 போர்ட்டில் வந்து கட்டளையிடுபவர் யார் என்று விசாரிக்காது. அமைப்பு வேலை முடிந்த பிறகும் கதவைச் சாத்த ஆளில்லை; இணையத்தை நோக்கியே ஏராளமான சுவிட்சுகள் திறந்துகிடந்தன. இது தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று 2017 பிப்ரவரியில் சிஸ்கோவே எச்சரித்தது. 2018 ஏப்ரலில் ஈரானின் டேட்டா சென்டர்களில் சுவிட்சுகளின் கன்ஃபிக் அழிந்தது. அந்த இடத்தில் அமெரிக்கக் கொடியும், ‘எங்கள் தேர்தலில் விளையாடாதே’ என்ற மிரட்டலும் இருந்தன. அந்நாட்டில் மட்டும் சுமார் 3,500 சுவிட்சுகள் என்றது ஈரான் அரசு. அந்த வசதியை நிறுத்த ‘நோ விஸ்டாக்’ என்று ஒரு வரி அடித்தால் போதும். அந்த ஒரு வரிக்கும் ஒரு கை வேண்டியிருந்தது. ஸ்மார்ட் இன்ஸ்டாலில் 2018-இல் தெரியவந்த ஓர் ஓட்டை இன்னமும் சுரண்டப்படுகிறது என்று 2025 ஆகஸ்டில் எஃப்பிஐ எச்சரித்தது.

பிழையின் கணக்கும் மாறிவிடுகிறது. கையால் அமைத்தபோது விஎல்ஏஎன் எண்ணை மாற்றி அடித்தால் ஒரு கிளை முடங்கும். அதே பிழை பொது டெம்ப்ளேட்டில் புகுந்தால் எல்லாக் கிளைகளும் ஒரே காலையில் முடங்கும். எந்த சீரியல் நம்பர் எந்த ஊருக்கு என்ற பட்டியலையும் மனிதர்தான் தட்டுகிறார்.

யார் பேச்சைக் கேட்பது என்ற சிக்கலுக்கு, 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8572 என்ற இணையத் தர ஆவணம் ஒழுங்கான வழி சொல்கிறது: நம்பகமான சர்வரிலிருந்து வராத கன்ஃபிக்கை, அது உரிமையாளர் அனுப்பியதுதானா என்று கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே சுவிட்ச் ஏற்க வேண்டும். அதற்குத் தயாரிப்பாளரிடமிருந்து உரிமைச் சான்று வாங்கவேண்டும், சான்றிதழ்களைப் பராமரிக்கவேண்டும், அதற்கென சர்வரும் ஆளும் வைக்கவேண்டும். ‘ஜீரோ’ என்று கூவி விற்கும் விளம்பரத் தாளில் இந்தச் செலவுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.